கூகை என்ன தின்றது?

பழைய கோபுரத்தில் கூகை தங்கும் பொந்துக்குக் கீழே, கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று ஒதுங்கிப் போவோம். எச்சமில்லை. கூகை எலியைப் பெரும்பாலும் முழுசாகவே விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகக் கக்கிவிடும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு, தாடை, பல் எல்லாம் கிடைக்கும். ராத்திரிச் சாப்பாடு எதுவென்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான். வயலெலி, சுண்டெலி, மூஞ்சூறு என்று பெரும்பாலும் இவைதான்.

கூடு கட்டும் சிரமமெல்லாம் கூகைக்கு இல்லை. மரப்பொந்தோ பாழுங்கிணற்றுச் சுவரோ போதும். சாதாரணமாக நாலு முதல் ஏழு முட்டை. முதல் முட்டை இட்டதுமே பெட்டை அடையில் உட்கார்ந்துவிடும். அதற்கும் சேர்த்து இரை சுமப்பது ஆண். ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரியும். மூத்தது வளர்ந்து நிற்கும்போது கடைக்குட்டி வெறும் பஞ்சுத் துணுக்கு. எலி நிறைய அகப்பட்டால் எல்லாம் பிழைக்கும். பஞ்சம் வந்தால் கடைக்குட்டிதான் முதலில் போகும். கொடுமைதான், ஆனால் மிச்சக் குஞ்சுகள் தேறிவிடும்.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் எலியைப் பிடிக்கக் கூடுப் பெட்டி வைத்துக் கூகையை வரவழைக்கிறார்கள். நாமோ அபசகுனம் என்று கல்லெறிகிறோம். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். உங்கள் வயலுக்குக் கூகை வந்து போகிறதென்றால், எலி மருந்து வைக்காதீர்கள்.