பைக்காராவின் வரவுசெலவு



1920களில், சென்னை மாகாண அரசின் சட்ட மெம்பராக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர், நீலகிரியின் பைக்காரா ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தியபோது, பொதுப்பணம் மலையருவியோடு போய்விடும் என்ற ஆட்சேபம் பலமாகவே எழுந்தது. ஆலைகள் சிலவே இருந்த அக்காலத்தில் அந்த அச்சத்தை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் 1932இல், மூவாயிரம் அடிக்குமேல் குழாய்வழி இறங்கிய நீர் சிங்காராவில் சக்கரங்களைச் சுழற்றத் தொடங்கிய பின்னர், கோவையில் நூற்பாலைகள் வரிசை வரிசையாக எழுந்ததும், காளைகள் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியதும், அந்த மோட்டாரையே ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இவ்வூரிலேயே செய்துகாட்டியதும், போட்ட முதல் வீண்போகவில்லை என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சியங்கள்.

பிற்பாடு நீலகிரியின் குந்தா மின்திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா துணைநின்றது. இயந்திரங்களும் தொழில்நுட்ப ஞானமும் கடல்கடந்து வந்தன. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் அன்பர்களே, கடனையும் வட்டியையும் தம்பிடி பிசகாமல் எழுதிய அதே பேரேட்டில், நீரில் ஆழ்ந்த புல்வெளியும் சோலைக்காடும், அங்கே எருமை மேய்த்த தொதவரின் வாழ்வும் எந்தப் பக்கத்தில் பற்று எழுதப்பட்டன? நர்மதைப் பள்ளத்தாக்கில் இக்கேள்வியை மக்கள் உரக்கக் கேட்டார்கள். 1985இல் அங்கே சர்தார் சரோவர் அணைக்கு 45 கோடி டாலர் கடன் தர இசைந்த உலக வங்கி, தானே நியமித்த மோர்ஸ் குழு 1992இல், குடிபெயர்ப்பிலும் சுற்றுச்சூழலிலும் நேர்ந்த குறைகளைப் பகிரங்கமாக எடுத்துரைத்ததால் நெருக்கடிக்குள்ளாயிற்று. மறுவருடமே இந்திய அரசு எஞ்சிய கடனை வேண்டாமென்றது. பணம் தருபவனுக்கும் தர்மம் உண்டு என்பதை நிலைநாட்டியவர்கள் அப்பள்ளத்தாக்கின் குடியானவர்களும் ஆதிவாசிகளுமே.

இன்று நம் நீலகிரியின் குந்தாப் பகுதியில், சில்லஹல்லாவில் 1000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் பேசப்படுகிறது. மலைக்கிராமத்து விவசாயிகள் எதிர்க்கிறார்கள். மின்சாரத்தை அனுபவிக்கும் சமவெளியார் நாம், அவர்களுடைய மறுப்பை அபிவிருத்திக்கு விரோதம் என்று பழிப்பது அநீதி. ஆகவே, கடன் யாரிடம் எவ்வளவு வாங்கப்படும், எவருடைய காணி எத்தனை ஏக்கர் மூழ்கும், மாற்றாக என்ன தரப்படும் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு, குந்தாக் கிராமங்களில் ஊர்கூட்டிப் படித்துக்காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்ட பின்னரே கடன்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டுமென்று அரசைக் கோரும் தீர்மானத்தை, இச்சபையின் முன் பணிவுடன் பிரேரேபிக்கிறேன்.