வரிசை நேரானால் உதவி சேரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பேரிடர் காலத்தில் நமது பொறுப்பு யாது என்பது குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகிகள் பணித்துள்ளார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் நீரில் மூழ்கியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலில் சிக்கிய பல நூறு பயணிகளுக்கு, அருகிலுள்ள புதுக்குடி ஊரார் சமைத்து உணவளித்தனர். மீனவச் சகோதரர்கள் படகுகளுடன் வந்து மக்களை மீட்டனர். எவரும் எவருடைய மதத்தையும் கேட்கவில்லை.

அந்நாள்களில் நமது பள்ளிவாசல் வளாகத்திலும் அடுப்பு அணையவில்லை. ஆயினும் ஒரு குறையை மறைக்காமல் கூறுவது நமது கடமையாகும். நான்காம் நாள் மதியம், பெரிய சாலையை ஒட்டிய ஒரே தெருவுக்கு நான்கு குழுவினர் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சென்றனர்; அவற்றுள் ஒன்று நமது வாகனம். மீந்தவை கெட்டுப்போயின. அதே வேளையில், பாதையில் நீர் நின்றதால் எந்த வண்டியும் செல்லாத ஓர் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் பசித்திருந்தனர். மறுநாள் அங்கே சென்றபோது ஒரு மூதாட்டி, "உங்க பள்ளிவாசல் பாங்குச் சத்தம் எங்களுக்குக் கேக்குது, நாங்க இங்க இருக்கது உங்களுக்குத் தெரியலையா ஐயா?" என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

குறை நமது ஈகையில் இல்லை; ஒழுங்கில்தான் இருந்தது. தொழுகையில் இமாம் முதலில் செய்வது வரிசையை நேராக்கச் சொல்வதே. தொண்டிலும் வரிசை வேண்டும்.

இதற்கு நாகப்பட்டினம் நமக்குப் பாடமாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொண்டு நிறுவனங்கள் பல திசைகளிலிருந்தும் விரைந்தன. எவருக்கும் தேவைப்படாத பழைய துணிகள் மலையெனக் குவிந்தன. சில நாள்களிலேயே, 'சிஃப்ஸ்' எனப்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் 'ஸ்நேகா' அமைப்பும் முன்நின்று, மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்த ஊருக்கு என்ன தேவை, அதை யார் ஏற்றுள்ளார் என்பன ஓரிடத்தில் பதிவாயின. அவ்வாறிருந்தும், படகு வழங்குவதில் பலரும் போட்டியிட்டதால் கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மிஞ்சின. கொடுப்பவரின் ஆர்வம் பெறுபவரின் தேவையை மறைத்தால் விளைவது இதுவே.

எனவே நான்கு யோசனைகளை ஜமாஅத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஐப்பசி பிறக்கும் முன்பே சுற்றுவட்டக் குடியிருப்புகள் அனைத்தையும் நேரில் கண்டு, முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள், தாழ்வான வீடுகள் ஆகிய விவரங்களை மத வேறுபாடின்றிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆணையம் உள்ளது. அங்கே நமது பொறுப்பாளர் இருவரின் பெயர்களை முன்கூட்டியே அளிக்க வேண்டும். 1077 என்னும் கட்டுப்பாட்டு அறை எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.

மூன்றாவது, பனிமய மாதா பேராலயத்தார், கோயில் நிர்வாகிகள், படகுச் சங்கத்தார், உப்பளத் தொழிலாளர் சங்கத்தார் ஆகியோருடன் ஆண்டுக்கு இருமுறை அமர்ந்து பணிகளைப் பங்கிட வேண்டும். நம்மிடம் அண்டாக்களும் சமையற்காரர்களும் உண்டு. அவர்களிடம் படகுகளும் பாதை அறிந்தவர்களும் உண்டு.

நான்காவது, வெள்ளம் வடிந்தவுடன் நமது பணி முடிந்ததாக எண்ணலாகாது. அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையின் வழியே வழங்கப்பட்டது; அட்டையே வெள்ளத்தில் போனவர் என்ன செய்வார்? விண்ணப்பம் எழுதித்தர நமது படித்த இளைஞர்கள் முன்வர வேண்டும். உப்புப் பாத்திகள் சீராகும்வரை கூலியற்றிருக்கும் குடும்பங்களுக்காகப் பேரிடர் நிதியெனத் தனிக்கணக்குத் தொடங்க வேண்டும்.

அன்பர்களே! அந்த மூதாட்டியின் கேள்வி இன்னும் நம் முன் நிற்கிறது. அடுத்த மழைக்கு முன் அவருடைய பெயர் நமது பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.