எடை குறைய அக்குபங்சர்: போகும் முன் மூன்று விஷயம்

"ஊசி போட்டா போதும், சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், பத்து கிலோ குறையும்" என்ற விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கும். கொஞ்சம் நிதானிங்க.

அக்குபங்சரில் காது, வயிறு, கால் பகுதிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி, 20 முதல் 30 நிமிடம் வைப்பாங்க. பசியையும் மன அழுத்தத்தையும் கட்டுப்படுத்த இது சிலருக்கு உதவலாம். ஆனால், சாப்பாடும் நடைப்பயிற்சியும் மாறாமல் ஊசி மட்டும் எடையைக் குறைத்துவிடாது.

அதனால் மூணு விஷயத்தை மனசில வச்சுக்கோங்க.

ஒன்று, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கோங்க, கட்டணம் இல்லை. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. எடை கூடியதற்குத் தைராய்டு காரணமா என்றும் டாக்டரிடம் கேளுங்க.

இரண்டு, புது ஊசி உறையை உங்க கண் முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்க. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் அதை முன்கூட்டியே சொல்லணும்.

மூன்று, யார் சொன்னாலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.

ஊசி துணைக்கு வரட்டும். நடக்க வேண்டியது நாமதான்.