பொலிகாளையும் கன்றுப் பருவமும்



காளையின் சிறப்பைத் திமிலிலும் கொம்பிலும் நடையிலும் காண்பது நம் வழக்கம். ஆனால் பசுவைச் சினைப்படுத்தும் ஆற்றலை இவற்றைக் கொண்டு அறிய இயலாது. அது விரைகளைப் பொறுத்தது. விரைகள் எவ்வளவு விந்து விளைக்கும் என்பதோ, கன்று தாய்மடியை முட்டித் திரியும் நாளிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்று அறிவியல் கூறுகிறது.

விரையினுள் நுண்ணிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள ஒருவகை உயிரணுக்களை 1865-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் என்ரிக்கோ செர்ட்டோலி விவரித்தார். அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. வளரும் விந்தணுக்களைச் சூழ்ந்து நின்று ஊட்டி வளர்க்கும் செவிலியர் அவை. ஒரு செவிலி பேணக்கூடிய பிள்ளைகளுக்கு ஓர் அளவு உண்டல்லவா? ஆதலால் செவிலியர் தொகைக்கு ஏற்பவே விந்தணுக்களின் தொகையும் அமையும். இவ்வணுக்கள் ஏறக்குறைய முதல் ஆறு மாதங்கள்தாம் பெருகுகின்றன. பின்னர்ப் பெருக்கம் நின்றுவிடுகிறது.

இதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்கிறது. கன்றின் மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரையில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்னும் ஹார்மோனைச் சற்று மிகுதியாகச் சுரக்கிறது. விரைகள் வளர்வதற்கு அதுவே தூண்டுதல்.

இத்தூண்டுதல் தீனியைப் பொறுத்து மாறுகிறது. 2007-ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வுகளில், நன்கு ஊட்டப்பெற்ற கன்றுகளின் குருதியில் எல்.எச். ஹார்மோனும், ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிப் புரதமும் மிகுந்திருந்தன. விரைகளும் பெரியனவாக வளர்ந்தன. தீனி குறைக்கப்பட்ட கன்றுகளில் இவை குன்றின, பருவமெய்துவதும் பிந்திற்று. பின்னர் வயிறார ஊட்டியபோதும் இழப்பு முழுதும் ஈடாகவில்லை.

இதனால், வளர்ந்த காளையைக் கொழுக்க வைப்பது நன்று என்று எண்ணிவிடக் கூடாது. விரைகள் உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 6 டிகிரி குளிர்ந்திருத்தல் வேண்டும். விரைப்பையின் மேற்பகுதியில் கொழுப்பு படிந்தால் வெப்பம் வெளியேறாது, விந்து கெடும். கன்றுக்கு வேண்டியதைக் கன்றுக்கே கொடுக்க வேண்டும். காளைக்குக் கொடுத்துப் பயனில்லை.

பால் விற்கும் வீடுகளில் கிடாரிக் கன்றுக்கு இருக்கும் மதிப்பு காளைக்கன்றுக்கு இருப்பதில்லை. மடியை ஒட்டக் கறந்துவிட்டுக் காளைக்கன்றைக் காம்பில் விடுவாரும் உளர். அது பொலிகாளையாகும் கன்றாயின், இழப்பு அவ்வீட்டோடு நிற்பதில்லை. செயற்கைமுறைக் கருவூட்டலில் ஒரு காளையின் ஒருமுறை விந்தை நூற்றுக்கணக்கான பசுக்களுக்குப் பகிர்ந்தளிக்க இயலும். விந்து குறைந்தால் பகிர்வும் குறையும்.

ஆகவே, பொலிகாளைக்கென ஒரு கன்றைத் தேர்ந்தால், அதற்கு முதல் ஆறு மாதப் பாலையும் தீனியையும் குறைவின்றிக் கொடுங்கள். அப்பொழுது மிச்சப்படுத்தும் ஒரு படிப் பால், பிறகு எவ்விலை கொடுத்தாலும் மீளாத செல்வத்தை அழித்துவிடும்.