பிள்ளைகளின் படிப்பும் பெற்றோர் கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஓர் இரயில்வே குமாஸ்தாவை நிறுத்தியிருக்கிறீர்கள். இழந்தவர்க்கே பொருளின் அருமை தெரியும் என்னும் ஒரே உரிமையால் கல்வியைப் பற்றிப் பேச முற்படுகின்றோம்.

நாட்டின் முதல் ஐ.ஐ.டி. 1951ஆம் ஆண்டு இந்தக் கரக்பூரிலேதான் தோன்றியது. அதன் நிழலில் வாழும் நம் காலனியில், பொறியியலே படிப்பு, அது கிட்டாவிடில் இரயில்வே உத்தியோகமே கதி என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. எம் இல்லமும் அதற்கு விலக்கன்று.

எம் மகள் வேதியியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். சென்ற பூஜை விடுமுறையில் ஒருநாள், "அப்பா, எனக்குக் கணக்குப் பதிவியலில்தான் நாட்டம். வேதியியலை உங்களுக்காகவே எடுத்தேன்" என்றாள். யாம் சினந்தோம். "கட்டிய பணமெல்லாம் பாழா? பட்டத்தை முடித்து இரயில்வே தேர்வு எழுது" என்றோம். மூன்று நாள் அவள் எம்மோடு பேசவில்லை. அந்த மௌனம் எம்மைச் சுட்டது. எம் தந்தையார் மறைந்தபோது, படிப்பை நிறுத்தி உத்தியோகத்தில் சேர வேண்டுமென உறவினர் கூடி முடிவு செய்தனர். அன்று யாமும் இவ்வாறே வாய்மூடி நின்றோம்.

நான்காம் நாள் இருவரும் அவளுடைய பேராசிரியை ஒருவரை நாடினோம். அவர் கூறியவை யாவர்க்கும் பயன்படும். ஒருவரே ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஒன்றைக் கல்லூரியிலும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியிலும் பயிலலாம். அறிவியல் பட்டத்தில் 60 விழுக்காடு பெற்றவர், சி.ஏ. படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதாமலே இடைநிலைக்குச் செல்லலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 போதும். வங்கித் தேர்வுகள் பலவற்றுக்கோ எந்தப் பட்டமும் ஏற்புடையது.

வீடு திரும்பியதும், பட்டத்தை விட்டால் போவதையும் முடித்தால் வருவதையும் மகள் ஒரு தாளில் எழுதினாள். வேதியியலை 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் முடித்துச் சி.ஏ. பயில்வதென்று தானே துணிந்தாள். இப்பொழுது விடியற்காலையில் எழுந்து, எவரும் ஏவாமலே படிக்கிறாள்.

அன்பர்களே, இருபதாண்டாகப் பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்திருக்கின்றோம். எவ்வூர் செல்ல வேண்டும் என்று கேளாமல் எவர்க்கும் சீட்டுக் கொடுத்ததில்லை. பெற்ற மகளுக்கு மட்டும் கேளாமலே கொடுத்துவிட்டோம்! அப்பிழையை நீங்களும் செய்ய வேண்டா.

மாணவச் செல்வங்களே, உங்கள் விருப்பத்தை மனத்துள் பூட்டி வைக்காதீர்கள். விதிகளை விசாரித்தறிந்து, வழியோடு வந்து கூறுங்கள். வழி கண்ட விருப்பத்தைப் பெற்றோர் எளிதில் மறுக்கமாட்டார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!