வலிக்கு முந்தியே வாயைக் காட்டுங்க



பல்லு வலிச்சா கராம்பு வைக்கிறோம். தாங்காதபோதுதான் பல் டொக்டரிடம் ஓடுகிறோம். ஒரு நாள் பேர் போயிருமே என்ற கவலை எனக்கும் தெரியும்.

ஆனால் ஈறு நோய் வலிக்காமலே வளரும். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரின் குழு, பல் துலக்கும் வழக்கமில்லாத நம்ம தேயிலைத் தொழிலாளர் 480 பேரைப் பார்க்கத் தொடங்கி, 15 வருஷம் தொடர்ந்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நோய் முற்றிக்கொண்டே போனது. சிலருக்கு 45 வயதில் பல்லே இல்லை. உலகமெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள், நமக்குத்தான் தெரியாது!

பரிசோதனை என்றால் பல்லைப் பிடுங்குவது இல்லை. சின்னக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மெல்லிய கம்பியால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அளப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கவனம் வேண்டும். கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான். பல்லில் கட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுத்தபின் பல்லுக்கு நடுவே சந்து விழுந்த மாதிரி இருக்கும். பல்லைக் கெடுத்துட்டாங்க என்று நினைக்காதீங்க, அது காரை அடைத்திருந்த இடம்.

வெத்திலை போடுகிறவர்கள் அதை மறைக்க வேண்டாம். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி எல்லாம் காட்டுங்க. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம், இவை புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். கண்டிப் பக்கத்தாருக்குப் பேராதனையில் அரசாங்கப் பல் வைத்தியசாலையே இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் போனவுடனே அதைச் சொல்லிவிடுங்க.