ஒரு ரசிகருக்கு ஒரு வாக்கு

மட்டாஞ்சேரித் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைக் கைவிடாமல் வாழ்ந்துவரும் என் அன்புச் சகோதரர்களே!

ஜனங்கள் வாக்களித்து வழங்கும் கலைப் பரிசுகளைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. ஜனங்களுக்கு ரசனை ஏது, நாலு பண்டிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானிப்பதே பரிசு என்று சொல்லித் திரிகிற கனவான்கள் சிலர் இந்த ஊரிலும் உண்டு; அவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும், ஆகையால் நான் பெயர் சொல்லப்போவதில்லை. முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

1954-ஆம் வருஷம் மார்ச் 21-ஆம் தேதி பம்பாய் மெட்ரோ தியேட்டரில் பிலிம்பேர் பரிசுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அவற்றைத் தீர்மானித்தவர்கள் தேசமெங்கும் பரவிக் கிடந்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்கள். அந்தச் சாதாரண ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? கடனுக்காக நிலம் பறிபோகும் தருவாயில் கல்கத்தா சென்று ரிக்ஷா இழுத்த ஒரு குடியானவனின் கதையைச் சொன்ன பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘பைஜு பாவ்ரா’வுக்கு இசையமைத்த நௌஷாதையும் அதில் நடித்த மீனாகுமாரியையும் தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பண்டித சபை இதைவிட உயர்வாகத் தீர்ப்பளித்திருக்கும்?

நௌஷாத் என்றதும் பின்வரிசையில் ஆரவாரம் எழுகிறதே! எழாமல் இருக்குமா? பாடகர் மெஹபூப் பாயின் குரல் கேட்டு வளர்ந்த மண் அல்லவா இது! அதே 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ படத்தில் பாடிப் பிரசித்தி பெற்ற அந்த மகானுபாவர், இந்தக் கொச்சியின் கலியாண வீடுகளில் ஹார்மோனியத்தோடு அமர்ந்து பாடியபோது, வாசலில் விடியவிடிய நின்ற கூட்டமே அவருடைய வாக்காளர்கள். அவருக்காக யார் வாக்குச்சீட்டு அச்சடித்தார்கள்?

இன்னொருவரும் இருந்தார். கொச்சிக் கோட்டைப் பகுதியில் வறுமையில் பிறந்து, அன்னத்துக்கு வழியில்லாமல் பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, பஜனையில் பாடிய குரலின் அருமை அறிந்த ஆசிரமத் தலைவரின் தயவினால் அங்கேயே சங்கீதம் பயின்று, ஹார்மோனியக்காரராக ஊர் திரும்பியவர். பிற்காலத்தில் ஆஸ்கார் பெற்ற ஏ. ஆர். ரஹ்மான் சிறுவனாகக் கீபோர்டு வாசித்தது இவருடைய குழுவில்தான். ஆம், ஆம், நீங்களே சொல்லிவிட்டீர்கள், அர்ஜுனன் மாஸ்டர்! 1968-இல் இசையமைப்பாளராக முதல் படம். கேரள அரசின் திரைப்பட விருது முதன்முதலாக அவரைத் தேடி வந்தது 2017-ஆம் வருஷத்துக்கு, எண்பது வயதைக் கடந்தபின். பண்டிதர்களின் நிதானத்தைப் பார்த்தீர்களா? ஐம்பது வருஷம்! அந்த ஐம்பது வருஷமும் அவர் பாட்டை முணுமுணுத்த படகுக்காரருக்கும் சுமைகூலிக்காரருக்கும் யாராவது ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் இந்தத் தாமதம் நேர்ந்திருக்குமா?

ஆனால் வாக்கு என்ற பெயரில் நடப்பதைச் சொல்லாமல் விட்டால் நான் துரோகியாவேன். 2007-இல் ‘இந்தியன் ஐடல்’ என்னும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில், டார்ஜிலிங்கைச் சேர்ந்த கல்கத்தாப் போலீஸ்காரர் பிரசாந்த் தமாங் வென்றார். கடைசிச் சுற்றில் ஏழு கோடி வாக்கு என்று பத்திரிகைகள் எழுதின. தம்மை அந்நியராகப் பார்த்த தேசத்தின் முன்னால் தம் பிள்ளையை நிறுத்திக்காட்ட வேண்டும் என்ற ஆவேசத்தில் அம்மலை மக்கள் வீடுவீடாக நன்கொடை திரட்டி, ஒவ்வொருவரும் மீண்டும் மீண்டும் வாக்களித்தார்கள். அவர்களுடைய அன்பை நான் வணங்குகிறேன். ஒருவர் காசு கொடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்று விதி செய்தவர்களைத்தான் கேட்கிறேன்: ஏழையின் அபிமானத்தை விலைக்கு விற்க உங்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? மகளுடைய பாட்டுக்காகத் தாய் தொலைக்காட்சியில் கண்ணீர்விட்டு வாக்குப் பிச்சை கேட்கும் காட்சியைத் தமிழிலும் மலையாளத்திலும் நாம் பார்த்துவிட்டோமே!

இப்படிப்பட்ட விதி நமக்குப் புதிதல்ல. நம் கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்று ஒரு முறை இருந்தது. வேலைக்குக் காத்து நின்ற கூட்டத்தின்மேல் உலோக வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கிய பலசாலிக்கு வேலை, கீழே விழுந்தவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து 1953 செப்டம்பர் 15-இல் இதே மட்டாஞ்சேரியில் நடந்த கிளர்ச்சியில் தொழிலாளர்களான சைதும் சைதலவியும் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். ஆண்டனி போலீஸார் அடித்த அடியில் மாண்டார். பணம் உள்ளவன் ஆயிரம் வில்லைகளை அள்ளிக்கொள்ள, இல்லாதவன் கைவிரித்து நிற்கும் இந்த வாக்கெடுப்பும் சாப்பாதான்! அந்த மூவர் உயிர்கொடுத்து எதிர்த்ததைப் பாட்டின் பெயரால் இங்கே திரும்பக் கொண்டுவர விடலாமா?

ஆதலால், மக்கள் விருது என்று பெயர் சூட்டி வழங்கப்படும் எந்தப் பரிசுக்கும் ஒருவருக்கு ஒரே வாக்குத்தான், அதுவும் கட்டணமின்றி இருக்க வேண்டும், யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்ற கணக்கும் பகிரங்கமாக வெளியாக வேண்டும் என்னும் தீர்மானத்தை இச்சபையின் முன் வைக்கிறேன். இதை மாநில சர்க்காருக்கும் தில்லி சர்க்காருக்கும் உங்கள் கையெழுத்தோடு அனுப்பச் சித்தமாயிருக்கிறேன். சம்மதமுடையவர்கள் கை தூக்குங்கள்!